பனமலை என்று நான் சொன்னேன்

நான் ஓய்வு பெற்ற அன்று நம் ஆபீஸ் மாடியில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்தீர்கள். போண்டா, காபி எல்லாம் முடிந்த பிறகு, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எழுந்து, சென்னையில் அவ்வளவு பெரிய வேலையை விட்டுவிட்டு செஞ்சியில் வந்து கம்பெனி ஆரம்பிக்க எப்படித் தைரியம் வந்தது என்று கேட்டாள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தப் பதிலில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை என்று தெரிந்தது. உண்மையான பதில் எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். தெளியாமல் போனாலும், இந்த வேலையில் இருக்கிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவம் இதில் இருக்கிறது. அதற்காகவாவது கடைசி வரை படியுங்கள்.

இருபத்திரண்டு வருடம் நான் செய்த வேலை, அடுத்தவர் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பது. வங்கி, காப்பீடு, விமான டிக்கெட் என்று எதைக் கொடுத்தாலும், திருடன் எந்த வழியாக உள்ளே வருவான் என்று பார்த்துச் சொல்வேன். ஏமாற்றிப் பேசி விஷயத்தைக் கறக்கிறவர்களிடம் எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்று நூற்றுக்கணக்கான ஊழியர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வருடத்தில் ஒரு வாடிக்கையாளரின் மென்பொருளில் மோசமான ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து அறிக்கை கொடுத்தேன். அதை எழுதியவர்கள் இப்போதைக்குச் சரிசெய்ய முடியாது என்றார்கள். எனக்குக் கோபம் வந்து, கூட்டத்திலேயே அவர்களைக் கொஞ்சம் கேவலமாகப் பேசிவிட்டேன். எங்கள் தலைமை அதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். அதிகம் பேசாத மனுஷர். "நீ ஒரு தடவை உன் கையால ஏதாவது ஒண்ணைச் செஞ்சி நாலு பேர் கிட்ட குடுத்துப் பாரு. அப்புறம் வந்து இப்படிப் பேசு" என்றார்.

அது அறிவுரையா, அவமானப்படுத்தலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவமானமாகத்தான் பட்டது. மூன்றாவது மாதம் வேலையை விட்டேன். நானே செய்தால் ஓட்டையே இல்லாமல் செய்வேன் என்ற வீம்பு. உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தைரியத்தின் நிஜமான பெயர் அதுதான்.

செஞ்சிக்கு வந்ததில் பெரிய யோசனை எதுவும் கிடையாது. என் மனைவி இங்கே அரசுப் பள்ளியில் ஆசிரியை. அதுவரை வாரக் கடைசியில் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தேன். திண்டிவனம் ரோட்டில் ஒரு மாடி அறையைப் பிடித்து, 'சாப்ட்வேர் செக்யூரிட்டி' என்று போர்டு மாட்டினேன். முதல் மாதம் வந்தவர்களில் பாதிப்பேர், ஏடிஎம்முக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வாட்ச்மேன் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். மீதிப்பேர் பாஸ்வேர்டு மறந்துபோன போனைக் கொண்டுவந்து திறந்து தரச் சொன்னார்கள். ஒருவர், அவருடைய மனைவியின் போனைக் கொண்டுவந்து, அவளுக்குத் தெரியாமல் திறக்க வேண்டும் என்றார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். அது சரியான முடிவு என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. நல்லவனாக இருப்பது சுலபம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

வேலை கிடைத்தது எதிர்பாராத இடத்திலிருந்து. என் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் ஊரில் ஒரு பெண் டாக்டரின் கிளினிக்குக்குப் போனோம். பெரும்பாலும் பிரசவம் பார்க்கிற டாக்டர். வல்லத்திலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்த கர்ப்பிணிகள், பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். செருப்புதான் டோக்கன். எங்கள் முறை வர நாலு மணி நேரம் ஆயிற்று. அந்த நாலு மணி நேரத்தில் நான் செய்யப்போகும் மென்பொருள் என் தலைக்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. நேரம் குறித்துக்கொடுத்து, முதல் நாள் போனுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டால் இந்தப் பெண்கள் இருட்டோடு எழுந்து வரவேண்டியதில்லை.

டாக்டர் சம்மதித்தார். ஆறு மாதத்தில் எழுதி முடித்தேன். பழைய நண்பர்கள் மூன்று பேரை அழைத்து, உடைத்துப் பாருங்கள் என்று கொடுத்தேன். ஒரு வாரம் முயற்சி செய்துவிட்டுத் தோற்றுப்போனார்கள். அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை என்றே சொல்லலாம்.

இப்போது மும்தாஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் எல்லோருக்கும் முதல் வாரப் பயிற்சி கொடுக்கிற அதே மும்தாஜ் மேடம்தான். அப்போது அவர் அந்தக் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற கவுண்டரில் இருந்தார். பதினான்கு வருடமாக அந்த நாற்காலியில். ஒரு நீள நோட்டில் எல்லாப் பெயரையும் எழுதி வைத்திருந்தார். நான் கணினியை வைத்த அன்றைக்கு, அந்த நோட்டு இனி வேண்டாம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பாதுகாப்பில்லை என்றேன்.

"அதுல எனக்குன்னு கொஞ்சம் குறிச்சி வச்சிருக்கேன் சார்" என்றார் மும்தாஜ்.

எல்லாமே இதில் இருக்கும் என்று சொல்லி நோட்டை வாங்கி டாக்டரின் பீரோவில் வைத்துப் பூட்டச் செய்தேன். என்ன குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. செருப்பு வரிசை போய்விட்டது. இன்னும் மூன்று கிளினிக்குகள் கேட்டு வாங்கின. ஒரு நாள் மும்தாஜ் போன் செய்து, ஒருவருக்கு மட்டும் போன் நம்பர் இல்லாமல் விட முடியுமா என்று கேட்டார். முடியாது, அது கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம், ஆள் மாறாட்டம் நடக்காமல் இருக்க அதுதான் வழி என்று விளக்கினேன். சரி சார் என்று வைத்துவிட்டார். அடுத்த இரண்டு வாரத்தில், நாளைக்கு வர வேண்டியவர்களுக்கு முதல் நாளே செய்தி போகிற வசதியையும் முடுக்கிவிட்டேன்.

அந்தச் செய்தி போக ஆரம்பித்த மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மத்தியானம், பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று கிளினிக்குக்குப் போயிருந்தேன். மும்தாஜ் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் இதே கிளினிக்கின் பைல். வணக்கம் சொன்னார். போனில் வந்திருந்த செய்தியைக் காட்டினார். அவர் மனைவியின் பெயர் போட்டு, நாளைக் காலை பத்து மணிக்குப் பரிசோதனைக்கு வரவும் என்றிருந்தது. நான் எழுதிய வாசகம்.

"மெசேஜ் கரெக்டா வந்துடுச்சி சார். ஆனா அட்ரஸ் இன்னும் பழசாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். அவங்க இப்ப அம்மா வூட்டு சைடுல இருக்காங்க. கொஞ்சம் மாத்திக்கறீங்களா?"

நான் பெயரைத் தட்டினேன். ஊர் என்ற கட்டத்தில் ஏற்கெனவே புதிய ஊர் இருந்தது. தகவல் சரியாக இருக்கிறதே என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

"மாத்தியாச்சிங்க. பனமலைன்னுதான் இருக்குது" என்றேன்.

"ஓ, மாத்தியாச்சா. நல்லாருக்குது சார் உங்க சிஸ்டம்" என்று சொல்லி, மறுபடி வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பாராட்டில் நான் கொஞ்சம் குளிர்ந்தும் போனேன். பிரிண்டர் சரியாயிற்று. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மும்தாஜ் வந்தார். உங்கள் பேஷண்ட்டுடைய கணவர் ஒருவர் வந்தார், மெசேஜ் எல்லாம் சரியாகப் போகிறதாம் என்று சந்தோஷமாகச் சொன்னேன். எந்தப் பேஷண்ட் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அவர் கையில் இருந்த டிபன் கேரியரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஊரு சொன்னீங்களா?"

சொன்னேன் என்றேன்.

"இன்னா சார் பண்ணிட்டீங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். ஆறு மாதக் கர்ப்பிணி. கன்னத்தில் வீக்கத்தோடு ஒரு முறை வந்து, பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை கையில். டாக்டருக்கும் மும்தாஜுக்கும் புரிந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்னால் ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பி, பனமலையில் அவளுடைய சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா இல்லாத பெண். போன் கிடையாது. அங்கிருந்து பரிசோதனைக்கு வந்தபோது ஊரை மட்டும் மும்தாஜ் மாற்றி எழுதியிருக்கிறார். கட்டத்தில் இருந்தது கணவன் நம்பர். அதை எடுத்துவிடத்தான் மும்தாஜ் என்னிடம் கேட்டிருக்கிறார். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் என்று நான்தான் வகுப்பு எடுத்தேன்.

பழைய நோட்டில் இந்த மாதிரிப் பெண்களின் பெயருக்குப் பக்கத்தில் மும்தாஜ் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி வைப்பாராம். அந்தப் புள்ளியைப் பார்த்தால், யார் வந்து கேட்டாலும் அப்படி ஒருத்தர் இங்கே வருவதில்லை என்று சொல்லிவிட வேண்டும். எனக்குன்னு குறிச்சி வச்சிருக்கேன் என்று அன்றைக்குச் சொன்னது இதைத்தான்.

அவன் பைக்கில் கிளம்பியிருந்தால் முக்கால் மணி நேரத்தில் பனமலை போய்விடுவான். அதில் கால் மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது. நான் எழுந்து கார் சாவியைத் தேடினேன்.

"நீங்க போயி இன்னா சார் சொல்லுவீங்க? அந்தப் பொண்ணுக்கு நீங்க யாருன்னே தெரியாது. வூடும் உங்களுக்குத் தெரியாது. நாலு பேர்கிட்ட விசாரிச்சீங்கன்னா நீங்களே அவனுக்கு வழி காட்டின மாதிரி ஆயிடும்" என்றார் மும்தாஜ்.

அதுவும் சரிதான். அப்படியானால் என்ன செய்வது? அவளுக்குத் தகவல் சொல்ல நம்மிடம் இருப்பது அவனுடைய நம்பர் மட்டும். டாக்டர் மகளிர் காவல் நிலையத்துக்குப் பேசினார். பக்கத்து ஸ்டேஷனில் சொல்லி ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அப்போது மும்தாஜ் கணினியைக் காட்டி, பனமலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோருடைய பெயரையும் இதில் எடுக்க முடியுமா என்று கேட்டார்.

முடியும். அந்த வசதியை எனக்கு மட்டும் வைத்திருந்தேன். ஊர்வாரியாகப் பெண்களின் பட்டியலும் போன் நம்பரும் எடுப்பது ஆபத்தான காரியம். ஒரு பேஷண்ட் டோக்கனுக்காகக் கொடுத்த நம்பரை வேறு எந்தக் காரியத்துக்கும் தொடக்கூடாது என்பது நான் வருடக்கணக்காகப் போதித்த விதி. அதனால் அந்தப் பட்டியலைக் கேட்டால் 'காரணம்' என்று ஒரு கட்டம் வரும். அதில் எழுதினால்தான் கதவு திறக்கும். நானே எனக்கு வைத்துக்கொண்ட பூட்டு. இப்போது அந்தக் கட்டம் என் முன்னால் நின்றது. என்ன எழுதுவது? நான் ஒருத்தியின் ஊரைச் சொல்லிவிட்டேன், அதைச் சரிசெய்ய இன்னும் பல பேருடைய நம்பரை எடுக்கிறேன் என்றா?

"இன்னாத்துக்கு சார் யோசிக்கிறீங்க" என்றார் மும்தாஜ்.

'அவசரம்' என்று எழுதினேன். பதிவேட்டில் இன்றைக்கும் என் பெயருக்கு எதிரே அந்த ஒரு வார்த்தை இருக்கிறது. யாராவது தணிக்கைக்கு வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று தெரியாது.

ஏழு பெயர் வந்தது. அதில் யாரைக் கூப்பிடுவது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு எல்லாம் ஏழு வரிதான். மும்தாஜ் விரலை வைத்துக்கொண்டு வந்தார். இது அந்த ஆளுக்குத் தூரத்துச் சொந்தம், வேண்டாம். இது நல்ல பொண்ணுதான், ஆனா மாமியார் போனை எடுப்பாங்க. இது பிரசவம் முடிஞ்சி ஊருக்குப் போயிடுச்சி. ஐந்தாவது பெயரில் விரல் நின்றது. அங்கன்வாடி டீச்சராம். போன வருடத்திலிருந்து இவரிடம்தான் டோக்கன் வாங்கி வருகிறாராம். வாயைத் திறக்காத மனுஷி என்றார்.

கூப்பிட்டார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த ராஜகிரிக் கோட்டை மலையையே நான் வெறித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை எடுத்தார். மும்தாஜ் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் பேசியிருப்பார். யார், எந்த வீடு, யார் வருகிறான், இப்போதே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். எப்படித் தெரியும் என்று அந்த டீச்சர் கேட்கவில்லை. நேரமில்லை.

பிறகு காத்திருந்தோம். இந்த மாதிரிக் காத்திருப்புக்கு எங்கள் தொழிலின் பாடப்புத்தகத்தில் எந்தப் பெயரும் கிடையாது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், மும்தாஜ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் கழித்து டீச்சரிடமிருந்து போன் வந்தது. அந்தப் பெண்ணை அங்கன்வாடிக்குப் பின்னால் இருக்கிற தன் அக்கா வீட்டில் உட்கார வைத்துவிட்டாராம். அவன் வந்துவிட்டான். சின்னம்மா வீட்டில் புகுந்து பாத்திரங்களை வீசி, அவரைக் கீழே தள்ளிவிட்டிருக்கிறான். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறேன், சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று தெருவில் நின்று கத்தியிருக்கிறான். ஊர்க்காரர்கள் கூடிப் பிடித்து நிறுத்தினார்கள், போலீசும் வந்தது.

பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் பத்து மணிக்கு அவள் பரிசோதனைக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பனமலையையும் விட்டுப் போய்விட்டாள் என்று டீச்சர் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியாது. தெரிந்தும் சொல்லவில்லையோ என்னவோ.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். என் மென்பொருள் செய்தியை அனுப்பியது, நான் வாயால் ஊரைச் சொன்னது, நம்பரை எடுக்க முடியாமல் பண்ணியது, நோட்டைப் பூட்டியது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இந்த மாதிரி இன்னும் எத்தனை பேருடைய நம்பர் உண்மையில் அவர்களுடையதில்லை என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மும்தாஜும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். பாதிக்கு மேல் கணவன் நம்பர், மாமனார் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர். உடனே நாலு கிளினிக்கிலும் செய்தி அனுப்புவதை நிறுத்தினேன். ஏன் என்று ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். இரண்டு பேர், இவ்வளவு பயமுறுத்துகிற மென்பொருளே வேண்டாம் என்று கழற்றிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நான் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு எப்படியாவது விஷயத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று மும்தாஜ் சொன்னார். டீச்சர் மூலமாகச் சொல்லி அனுப்பலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். முதலில் எங்கே தவறு என்று முழுசாகக் கண்டுபிடிப்போம், எல்லாவற்றையும் சரிசெய்வோம், அதன் பிறகு சொல்வோம் என்றேன். எங்கள் தொழிலில் அதுதான் முறை. ஓட்டையை அடைக்காமல் வெளியே சொன்னால் மற்றவர்களுக்கும் ஆபத்து. தவிர, அவள் இருக்கிற நிலையில் இதையும் சொல்லிக் குழப்ப வேண்டுமா என்றும் பட்டது. இதில் எது நிஜமான காரணம், எது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் என்று அன்றைக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. மும்தாஜ் அரை மனசோடு விட்டுவிட்டார்.

நாலு மாதம் வேலை செய்தேன். தினமும் ஒரு மணி நேரம் மும்தாஜ் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நீள நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்காட்டச் சொன்னேன். யாருக்குப் படிக்கத் தெரியாது, மாமியார் கூட உள்ளே வந்தால் யார் பேச மாட்டாள், யாருக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வீட்டை விட்டு வர முடியும் என்று அதில் எல்லாம் இருந்தது. மென்பொருளைப் பாதிக்கு மேல் பிரித்து மறுபடி எழுதினேன். இன்றைக்கு நீங்கள் விற்கிறீர்களே, அதில் கவுண்டரில் இருப்பவருக்குக்கூட ஊர் தெரியாது, போன் கட்டம் காலியாக இருக்கலாம், செய்தி போக வேண்டுமா என்று அந்தப் பெண்ணைத் தனியாகக் கேட்டுத்தான் முடுக்க முடியும். எல்லாம் அப்போது வந்தவை. அந்த வேலை முடிந்த சமயத்தில்தான் மும்தாஜை என்னோடு வந்துவிடச் சொல்லிக் கேட்டேன். யோசிக்க வேண்டும் என்றார்.

அவர் யோசித்துக்கொண்டிருந்த வாரம், அந்தப் பெண் கிளினிக்குக்கு வந்தாள். வேறொரு ஊரில் அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. பழைய ஸ்கேன் காகிதங்களின் நகல் தேவைப்பட்டு வந்திருந்தாள். மும்தாஜ் எனக்குப் போன் செய்து, வருவதானால் வாருங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உள் அறையில் ஒரு பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். மும்தாஜ் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். நான் காரில் வரும்போது தயார்செய்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. இந்தக் கம்ப்யூட்டரைப் போட்டவன் நான்தான், அன்றைக்கு உன் வீட்டுக்காரர் வந்து கேட்டபோது ஊர்ப் பெயரைச் சொன்னதும் நான்தான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவள் முதலில் புரியாதவள் போலப் பார்த்தாள். பிறகு மும்தாஜைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"நீங்களா சொன்னீங்க?"

"ஆமாம்மா. தெரியாம சொல்லிட்டேன்."

"அப்ப சின்னம்மா சொல்லலையா?"

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். அந்தச் சம்பவத்துக்குச் சில நாள் முன்பு சின்னம்மா, சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்று அவளுடைய மாமியாருக்கு ஒரு தடவை போன் செய்திருக்கிறார். எங்கே இருக்கிறாள் என்று சொல்லவில்லை என்று சத்தியம் செய்தாராம். அடுத்த வாரமே கணவன் வாசலில் வந்து, சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று கத்தினால் இவள் என்ன நினைப்பாள்? அன்றைக்கே அந்த வீட்டை விட்டுக் கிளம்பியவள், பிறகு சின்னம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிரசவத்துக்கு அவர் பஸ் ஏறி மருத்துவமனைக்கு வந்து வார்டு வாசலில் நின்றாராம். உள்ளே விட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"கொழந்தைய அவங்க இன்னும் பாக்கல சார்" என்றாள்.

அவள் என்னைத் திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவள் மனசில் அந்த நிமிடம் நான் இல்லவே இல்லை. நாலு மாதம் நான் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டருக்குச் சொன்னேன், கிளினிக்குகளுக்குச் சொன்னேன், பழைய நண்பர்களுக்குக்கூடச் சொல்லி ஆலோசனை கேட்டேன். யாருக்கு நடந்ததோ அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிரசவ வார்டில் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருக்கும்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தவறு நடந்தால் முதல் போன் அவர்களுக்குப் போகட்டும். முழுசாகத் தெரியாவிட்டாலும், வாய் குழறினாலும் போகட்டும். மற்றபடி, என் அதிகாரி சொன்னது சரியா, நான் இந்தத் தொழிலுக்கு வந்தது சரியா, அன்றைக்கு அந்த ஏழு நம்பரை எடுத்தது சரியா என்று கேட்டால், நேரத்துக்கு ஒன்றாகத் தோன்றுகிறது.

அன்றைக்கு அந்த உள் அறையில் மும்தாஜ் தன்னுடைய போனை எடுத்து அவளிடம் நீட்டினார். அவளுக்குச் சின்னம்மாவின் நம்பர் மனப்பாடமாக இருந்தது. போட்டுவிட்டு, பட்டனை அழுத்தாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி, வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்று அக்கம்பக்கம் பார்த்தாள். மும்தாஜ் அதற்குள் வெளியே டோக்கன் கவுண்டருக்குப் போய்விட்டிருந்தார். அறையில் நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

"கொஞ்சம் புடிங்க சார்" என்றாள்.

நான் கையை நீட்டினேன்.